ஆணி அடிக்காத மேஜை

நோரா அம்மாவின் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். மேஜை மேல் அரிசி மூட்டை இருக்கும், மடித்த துணி இருக்கும், எலிக்குப் பயந்து வெல்லப் பானையும் வெங்காயக் கூடையும் இருக்கும். அப்படியும் அந்த மேஜை என்னை ஆட்டி வைத்த மாதிரி வேறு எந்தச் சாமானும் ஆட்டி வைத்ததில்லை. என் புருஷன்கூட அவ்வளவு ஆட்டி வைக்கவில்லை.

வீடு காக்ஸ் டவுனில், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பக்கம். நான் சொல்வது ஐம்பத்து நாலாம் வருஷம். முன்பக்கத்தில் நோரா அம்மா இருந்தார். ஆங்கிலோ இந்திய அம்மா, அறுபது வயசு, ரயில்வே கார்டாக இருந்த வீட்டுக்காரர் தவறிவிட்டார். பின்பக்கம் ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும், அது எங்களுக்கு. காலையில் ரொட்டிக்காரன் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வருவான். முன்னால் ரோஜாச் செடிகள், நோரா அம்மா தொப்பி போட்டுக்கொண்டு அதுகளோடு இங்கிலீஷில் சண்டை போடுவார். டிசம்பர் பிறந்துவிட்டால் குளிர் என்றால் அப்படிக் குளிர், ஒன்பது மணி வரைக்கும் எதிர்வீடு தெரியாது. இன்றைக்கு இதே ஊரில் மார்கழியில் விசிறி சுற்றுகிறது. சொன்னால் என் பேத்திகள் நம்புவதில்லை, போகட்டும்.

வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு போன வருஷத்தில், ஆபீசர்கள் விட்டுப் போன சாமானெல்லாம் ஏலத்துக்கு வந்தது. நோரா அம்மாவின் வீட்டுக்காரர் அதில் ஒரு பெரிய சாப்பாட்டு மேஜையும் பிரம்பு பின்னிய நாற்காலிகளும் எடுத்தார். முன்பக்கத்தில் வைக்க இடமில்லை, விற்க மனசில்லை. அதனால் பின்பக்கம் குடிவருகிறவர்கள் தலையில் அதைக் கட்டிவிடுவது வழக்கம். எங்கள் தலையிலும் கட்டினார்.

"இத பாரு, கேர்ள்," என்றார் நாங்கள் வந்த அன்றைக்கே. "வாடகை நாலு நாள் லேட் ஆனா நான் வாய தொறக்க மாட்டேன். என் டேபிளுக்கு ஒண்ணு ஆச்சு, அன்னிக்கே காலி பண்ணணும். முன்னாடி இருந்தவன அப்படித்தான் அனுப்பினேன். டம்ளர் வெச்சு ரவுண்டு ரவுண்டா மார்க் பண்ணிட்டான், ராஸ்கல்."

இன்னொரு வழக்கமும் இருந்தது. கிறிஸ்மஸ் அன்றைக்கு மட்டும் அந்த மேஜையும் நாற்காலிகளும் முன்பக்கம் போகும். மகள் கேத்தரின் புருஷனோடு ஜோலார்பேட்டையிலிருந்து வருவாள். எல்லாரும் அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் நோரா அம்மாவுக்குப் பண்டிகை. மறுநாள் காலையில் மேஜை திரும்பப் பின்பக்கம் வந்துவிடும், என் அரிசி மூட்டை அதன் மேல் ஏறிவிடும்.

அந்த வருஷம் நவம்பரில் எனக்கு ஏழாம் மாசம். அதற்கு முந்தின வருஷம் மர்பி டவுனில் இருந்தபோது எனக்கு ஒரு பையன் பிறந்தான். எட்டாம் மாசத்திலேயே பிறந்து, ஒரு சத்தம்கூடப் போடாமல் போய்விட்டான். அந்த வீட்டின் சுவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அழுது அடம்பிடித்து காக்ஸ் டவுனுக்கு வந்தோம். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். எனக்கு அந்த ஒரு நினைப்புதான், அவருக்கும் அதேதான். அவர் பேர் முனிராஜ். பஸ் பட்டறையில் ஃபிட்டர். புருஷன் பேரை இப்படிப் பட்டென்று சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். இனிமேல் சொன்னால் என்ன, கோபித்துக்கொள்ள அவர் இல்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமா கோவிந்தப்பா தங்கவயலிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். சுரங்கத்தில் வேலை. ஆள் நல்ல ஆகிருதி, வாசற்படியில் தலையைக் குனிந்து, உடம்பைத் திருப்பித்தான் உள்ளே வருவார். நான் சமையல்கட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அறையில் ஆறு நாற்காலி கிடக்கிறது. ஒரு மனுஷன் அதில் ஒன்றில் உட்காரலாம் இல்லையா? மாமா நேராகப் போய் மேஜை மேல் ஏறி உட்கார்ந்தார், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்.

"ஐயோ மாமா, அது சாப்பிடற மேஜை!" என்று நான் கத்தினேன்.

"இன்னாம்மா சொல்றே? இம்மாம் பெரிய பலகை, குந்தறதுக்கு இல்லாம வேற எதுக்கு?" என்று சொல்லி, நன்றாகச் சாய்ந்து காலை ஆட்டினார்.

படாரென்று ஒரு சத்தம். மேஜையின் ஒரு மூலை கீழே இறங்கியது. அரிசி மூட்டை சரிந்தது, மாமாவும் சரிந்தார். பிடித்துக்கொள்ளப் போன இடத்தில் ஒரு நாற்காலி. அதன் பிரம்பைக் கிழித்துக்கொண்டு அவருடைய ஒரு கால் மறுபக்கம் போய்விட்டது. நாற்காலியைக் காலில் மாட்டிக்கொண்டு மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"காந்தா! வாட் வாஸ் தட்?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நோரா அம்மாவின் குரல்.

"பூனைம்மா!" என்றேன்.

"பூனையா? யானைன்னு சொல்லு."

மாமா டீகூடக் குடிக்காமல் நழுவிவிட்டார். என் வீட்டுக்காரர் வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். மேஜையின் ஒரு கால், மேல் சட்டத்துக்குள் போய்ச் சேருகிற இடத்தில் நீளவாட்டில் பிளந்திருந்தது. சட்டத்திலும் ஒரு விரிசல். தூக்கி நிறுத்தினால் நிற்கும், கை வைத்தால் ஆடும்.

"ஒண்ணுமில்லயா," என்றேன். "நீளமா ஒரு ரெண்டு ஆணி. பட்டறையிலருந்து எடுத்துனு வா. அடிச்சுட்டா தீந்துது வேல."

அவர் என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். "ஆணி வேணாம்," என்றார்.

வாயும் வயிறுமாக ஒருத்தி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். வீடும் மாறக் கூடாது. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான், ஆனால் கேட்டதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. "வீடு முழுக்க ஆணி அடிக்கறவன் பொண்டாட்டிலாம் புள்ள பெக்கலயா?" என்று கேட்டேன்.

"மத்தவங்க கத நமக்கு எதுக்கு? வேணாம்னா வேணாம்."

"சரி, தூக்கினு போய் ஆசாரி கடையில குடு."

"எந்த வழியா? அந்தம்மா மூஞ்சிக்கு நேராவா?"

அதுவும் நிஜம்தான். தெருவுக்குப் போக ஒரே வழி, நோரா அம்மாவின் தாழ்வாரத்தை ஒட்டித்தான் போகும். மேஜையைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டுவதும், நானே போய்ச் சொல்லிவிடுவதும் ஒன்றுதான். சொல்லிவிட்டாலோ அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டும். அந்தத் தள்ளின மாசத்தில் எந்த வீட்டுக்குப் போவது, எவன் வீடு கொடுப்பான், எங்கே என் பிள்ளையைப் பெறுவது? ஆணி அடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார் இவர். அடிக்காவிட்டால் பிள்ளை பிறக்க வீடு இல்லை என்கிறேன் நான். கிறிஸ்மஸோ வந்துகொண்டிருக்கிறது.

பட்டறையில் நாள் முழுக்கச் சுத்தியலும் கையுமாக இருக்கிற மனுஷன், வீட்டில் ஒரு ஆணி அடிக்க மாட்டேன் என்று சாதித்தால் எனக்கு எப்படி இருக்கும்? அவருக்குக் காது புளிக்கும் அளவுக்குத் திட்டினேன். கஞ்சன், சோம்பேறி, அம்மாப்பிள்ளை, எதையும் விடவில்லை. மனுஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொள்வார். அது இன்னும் எரிச்சல்.

ஆணி இல்லாமல் என்ன செய்யலாம், அதையும் பெரிய செலவில்லாமல். முதலில் நாற்காலியை நான் எடுத்துக்கொண்டேன். பிரம்பு பின்ன ஆள் கூப்பிடக் கட்டுப்படியாகாது. கட்டிலுக்குப் பின்னுகிற நாடா வாங்கி வரச் சொல்லி, டீத்தூளைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் அதை ஒரு ராத்திரி ஊற வைத்தேன். காய்ந்ததும் பிரம்பு நிறம் வந்துவிட்டது. கட்டில் பின்னுவது எனக்குக் கை வந்த வேலை. பின்னி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் ஆறு நாற்காலியில் எது உடைந்தது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மூட்டை உராய்ந்த கீறல்களுக்கு மெழுகுவர்த்தியை உருக்கி, அதில் காப்பித்தூளைக் குழைத்துத் தேய்த்தேன். பழைய பட்டுத் துணியால் நாள் முழுக்கத் தேய்த்ததில் மேஜை பளபளவென்று ஆகிவிட்டது. என் முகம்கூட அதில் தெரிந்தது. ஊதிப்போன முகம்.

கால் மட்டும் பாக்கி. பிளாக்பள்ளிக் கடைத்தெருவில் தேடி அவர் வஜ்ஜிரம் வாங்கி வந்தார். தச்சர்கள் மரத்தை ஒட்டுகிற பசை அது, மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது, கட்டி கட்டியாக இருக்கும். தண்ணீர் விட்டு உருக்க வேண்டும். உருக்கினோம். அடேயப்பா, அந்த நாற்றம்! வாயும் வயிறுமாக இருக்கிறவள் மூக்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அங்கே நோரா அம்மா துணி உலர்த்திக்கொண்டு நின்றார்.

"மை காட், காந்தா, வாட் இஸ் தட் ஸ்மெல்?"

"கருவாட்டுக் கொழம்பும்மா," என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

நோரா அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கருவாடா? எவ்ளோ நாளாச்சு! எனக்கு ஒரு கப் குடுக்கணும்னு தோணலயா உனக்கு?"

அப்புறம் என்ன, என் வீட்டுக்காரரை ரஸல் மார்க்கெட்டுக்கு விரட்டி, கருவாடு வாங்கி, குழம்பு வைத்து, ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நோரா அம்மா ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "அடுப்புல இருக்கறப்போ கலீஜா ஸ்மெல் பண்ணிச்சு. டேஸ்ட் பஸ்ட் கிளாஸ்," என்றார். பதிலுக்கு ஒரு துண்டு பிளம் கேக் கொடுத்தார். பொய் சொன்ன வாயில் அது எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? அந்த மாதிரி கேக்கை நான் அப்புறம் எங்கேயும் சாப்பிடவில்லை.

என் வீட்டுக்காரர் பிளந்த இடத்தில் வஜ்ஜிரத்தை ஊற்றி, சேர்த்து அழுத்தி, மிச்சமிருந்த நாடாவால் இறுக்கிக் கட்டினார். கட்டின இடத்துக்கும் டீத்தண்ணீர் பூசினேன். நின்றது. ஆனால் குளிர்காலம், பனி. பசை முழுசாக இறுகவில்லை. இடுப்பால் லேசாக இடித்தாலும் மேஜை முனகியது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழைய பெட்டியில் கிடந்த ஒரு ஆணியைத் தேடி எடுத்தேன், அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி மேஜைக்கு அடியில் மண்டியிட்டேன். அன்றைக்குப் பட்டறையில் அரை நாள் என்பது எனக்கு மறந்துவிட்டது. குழவியை ஓங்குகிறேன், பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"ஏய்! போடுடி கீழ!"

கல்யாணம் ஆனதிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. குழவியைப் பிடுங்கினார். ஆணியைப் பிடுங்கி மதில் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தார். நான் சும்மா இருப்பேனா? "ஆமாயா, ஊர்ல இல்லாத புள்ள! தெருவுல பெத்துக்கறேன், உனக்கு சந்தோஷம்தானே!" என்று கத்திவிட்டுப் பாயில் போய்ப் படுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் கிறிஸ்மஸ் வரைக்கும் சோற்றைத் தட்டில் போட்டு அவர் பக்கம் தள்ளுவேன், அவ்வளவுதான் பேச்சு.

கிறிஸ்மஸ் வந்துவிட்டது. முன்பக்கம் கிராமபோன் பாடியது. கேத்தரினும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். கேத்தரின் புருஷன் ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் ஒரு பக்கமாக மேஜையைத் தூக்கினார்கள். உடைந்த காலை அவர் தன் பக்கமே வைத்துக்கொண்டு, குழந்தையைத் தாங்குகிற மாதிரி அடியில் ஒரு கை கொடுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது, எனக்கு அது உறைக்கவே இல்லை. முன் அறையில் மேஜையை இறக்கினார்கள். கேத்தரின் விரிப்பை விரித்து, கண்ணாடிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

கிர்ர்ர் என்றது. மூலை ஒரு விரல் அளவுக்குச் சாய்ந்தது.

நோரா அம்மா விரிப்பைத் தூக்கிக் குனிந்தார். டீத்தண்ணீர் பூசின நாடாக் கட்டைத் தடவிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது அந்த அம்மாவுக்கு. ஆனால் மகள் வந்திருக்கிற நாள், அடுப்பில் கோழி, சண்டைக்கு நேரமில்லை.

"உங்க ரெண்டு பேரையும் நாளைக்கு கவனிச்சிக்கிறேன்," என்றார். "கேத்தரின், டாடியோட ஹாமர் எடு. ஒரு ஆணி போட்டா இப்பத்திக்கு நிக்கும்."

கேத்தரின் சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்தாள். நோரா அம்மா ஆணியை மரத்தில் வைத்தார், சுத்தியலைத் தூக்கினார். சட்டென்று என் வீட்டுக்காரர் மண்டியிட்டு, அந்த இடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்துவிட்டார்.

"ஆர் யூ மேட்? கைய எடு மேன்!"

"வேணாம்மா. எங்கள இன்னிக்கே வெளிய போன்னு சொல்லுங்க, போய்டறோம். ஆணி மட்டும் வேணாம்."

வீட்டுக்காக ஒரு மாசமாக நான் செத்துப் பிழைத்திருக்கிறேன். இந்த மனுஷன் ஒரே பேச்சில் அதைத் தூக்கிக் கொடுக்கிறார்! "யோவ், உனக்கு இன்னா பைத்தியமா?" என்று எல்லார் முன்னாலேயும் கத்திவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நோரா அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். "மர்பி டவுன் வீட்ல எங்களுக்கு ஒரு பையன் பொறந்து செத்துட்டாம்மா. அப்ப ஒரு கண்ணாடி மாட்டறதுக்கு நான் செவுத்துல ஆணி அடிச்சேன். எங்கம்மா வேணாம்னாங்க. கேக்கல. அடிச்ச அன்னிலருந்து பதினஞ்சு நாள்ல போய்ட்டான். நான்தாம்மா அவன கொன்னேன். இதையும் கொல்ல வெச்சுடாதீங்க."

கேத்தரின் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தக் கண்ணாடி எனக்கு நினைவிருந்தது. குனிந்து பெட்டி மேல் இருந்த கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை, என் உயரத்துக்கு மாட்டிக்கொடு என்று நச்சரித்தவள் நான். அதை அவர் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் கொன்றேன் என்று ஒத்துக்கொண்டவர், அடிக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நோரா அம்மா சுத்தியலைக் கீழே வைத்தார். அவருடைய கண் மெல்ல மேலே போனது. நானும் அண்ணாந்து பார்த்தேன். அறை முழுக்க, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கலர் காகித மாலைகள். ஒவ்வொரு மாலையின் முனையிலும் ஒரு ஆணி. புத்தம் புது ஆணி, வரிசையாக, நாலு சுவரிலும். எங்கள் அறைக்கும் அந்த அறைக்கும் நடுவே இருந்த சுவரில்தான் அதிகம். போன வாரம் முழுக்க டக் டக் என்று சத்தம் வந்தபோது, கேக்குக்கு வால்நட் உடைக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

நோரா அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை லேசாக ஆட்டினேன், அவரிடம் சொல்ல வேண்டாம் என்று.

அடுத்த நிமிஷம் குரலே மாறிவிட்டது. "எழுந்திரு மேன், எழுந்திரு. ஆணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த ரூம்ல ஒரே புழுக்கமா இருக்கு. எல்லாரும் வெராண்டாவுல சாப்பிடலாம். காந்தா, உன் பாய எல்லாம் கொண்டா." டிசம்பர் குளிரில் என்ன புழுக்கம்? ஆனாலும் என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்க்க விடாமல், முதுகில் கை வைத்துத் தள்ளாத குறையாக வெளியே கொண்டுபோய்விட்டார்.

அந்த வருஷம் நோரா அம்மாவின் கிறிஸ்மஸ் விருந்து தாழ்வாரத்தில், பாயில் நடந்தது. கேத்தரின் கவுனை முட்டிக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு சம்மணம் போடப் பார்த்து இரண்டு தரம் சாய்ந்தாள். நோரா அம்மா கோழியைக் கையால் பிய்த்து எங்கள் தட்டில் வைத்தார். வெயில் மெதுவாக ரோஜாச் செடிகள் மேல் ஏறியது. எவ்வளவோ விருந்து சாப்பிட்டுவிட்டேன். அந்தப் பாயில் உட்கார்ந்தவர்களில் இன்றைக்கு மிச்சமிருப்பது நானும் கேத்தரினும்தான். அவள் எங்கேயோ ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தத் தாழ்வாரத்தில் திரும்ப உட்கார வைத்தால் போதும் என்று இருக்கும் எனக்கு.

அன்று சாயங்காலம் நானே என் வீட்டுக்காரரிடம் போய்ப் பேசினேன். "நான் கேட்டுத்தானே அந்தக் கண்ணாடிக்கு ஆணி அடிச்சே. ஏன்யா அத சொல்லல?"

"நீ கேட்டா இன்னா? அடிச்சது நான்தானே."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? இவ்ளோ நாளா நான் உன்ன எவ்ளோ திட்டினேன்?"

"சொன்னா உன் தலையில ஏறிடும். ஒருத்தர் தூக்கினா போதாதா அத?"

மேஜை மறுநாள் எங்கள் பக்கம் வந்தது, கால் உடைந்தபடியே. காலி பண்ணு என்கிற பேச்சே எழவில்லை. நோரா அம்மா எனக்குத் தினம் ஒரு முட்டை கொண்டுவந்து கொடுப்பார், கொடுத்துவிட்டு என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு பேரும் ஆணியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்பாதவள் என்று பீற்றிக்கொண்டேனே, அந்த நான் பயந்தேன். பிள்ளை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் போதும், அந்தச் சுவர் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். வீட்டுக்காரரிடம் சொல்லவும் முடியாது. எட்டாம் மாசம் தாண்டுகிற வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிப்ரவரியில் பெண் பிறந்தாள். பிறந்த உடனே ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினாள். குரல் என் குரல் என்று எல்லாரும் சொன்னார்கள்.

பார்வை நேரத்துக்கு அவரும் நோரா அம்மாவும் சேர்ந்தே வந்தார்கள். நோரா அம்மா குழந்தைக்குக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டு வந்திருந்தார். அதைப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, "முனிராஜ், இங்க கேளு," என்றார். "கிறிஸ்மஸுக்கு என் ரூம்ல பேப்பர் மாலை கட்டியிருந்தேன், பாத்தியா?"

"கவனிக்கலம்மா."

"அதெல்லாம் எதுல கட்டினேன்? ஆணியில. ஒரு வாரம் பூரா நான்தான் அடிச்சேன். உன் பொண்டாட்டி தலமாட்டுக்கு அந்தப் பக்கம், அதே செவுரு மேன். எத்தன ஆணின்னு எனக்கே தெரியாது."

அவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ மேஜ மேல கை வெச்சப்பவே பாத்துட்டேன்."

கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. குழந்தையைப் பார்த்தார். அது கையை முறுக்கிக்கொண்டு மறுபடி கத்த ஆரம்பித்திருந்தது. அவர் அதன் காலைத் தொட்டார், வயிற்றைத் தொட்டார்.

"அப்போ அவன்," என்றார். "அவன் ஆணியால போகலயா, காந்தா?"

"இல்லயா."

"நெஜமா?"

"நெஜமா. இதோ, இவள பாரு."

இரும்புக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அந்தப் பையன் போனபோது எல்லாக் காரியத்தையும் தனியாக நின்று பார்த்தவர், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வார்டு முழுக்கப் பார்க்க, வாய்விட்டு அழுதார். நர்ஸ் ஓடி வந்து, பெண் பிறந்ததற்கா அழுகிறாய் என்று சத்தம் போட்டாள். நோரா அம்மா எழுந்து நின்று அவளை இங்கிலீஷில் ஒரு பிடி பிடித்து அனுப்பிவிட்டார். அவர் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.